ஜெயிலுக்குப் போகாத திங்கட்கிழமை

மலைமேல் இருக்கிற கரியாலூர் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டேன். ஏழாறு நாற்பத்திரண்டு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மீதியை அவர்களே பாடி முடித்தார்கள், மணியையும் அவர்களே அடித்தார்கள், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் சாக்பீசைப் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றேன். தலைமை ஆசிரியர் பூட்டுச் சாவியோடு வந்து, "இன்னா சார், வூட்டுக்குப் போவலியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஆண்பிள்ளை வாய்ப்பாட்டுக்காக அழுததை அந்த மலையில் அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் என்னை ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரியில், மூட்டைகளுக்கு மேலே ஏற்றிக் கீழே அனுப்பி வைத்தார்கள். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அக்காவைத் திருக்கோவிலூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். பருத்தி, கரும்பு, இரண்டு மாடு, எல்லாவற்றையும் தனியாளாக அதட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து இறங்கியவனைப் பார்த்து, "லீவா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த லீவு நாலைந்து மாசம் நீண்டது.

எனக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மலையில் எதையோ மிதித்துவிட்டேன் என்றார் ஒருத்தர். உடம்புச் சூடு மண்டைக்கு ஏறிவிட்டது, விளக்கெண்ணெய் வைத்துத் தேய்க்கச் சொன்னார் இன்னொருத்தர். ஒரு அத்தை, கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பெண்ணின் ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பெண்ணுக்கு யார் விளக்கெண்ணெய் தேய்ப்பது என்று அவள் யோசிக்கவில்லை. பூசாரி வந்து என் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்தார். மிச்சமிருந்த பழங்களை அம்மா ஊறுகாய் போட்டுவிட்டாள்.

தூக்கம் போனது, பசி போனது. போனால் போகட்டும் என்று இருந்தேன். எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். காலையில் எழுந்து உட்கார்வது ஊருக்கெல்லாம் சுலபமாக இருக்கிறதே, எப்படி என்று ஆச்சரியமாக இருக்கும். கிணற்றடிக்குப் போனால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே வந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் முன்னால் நல்ல பிள்ளையாகச் சோற்றைப் பிசைந்தேன், ரேடியோ கேட்டேன், ஒன்றிரண்டு தடவை சிரிக்கவும் செய்தேன். நன்றாக நடிக்கிறேன் என்று எனக்கு என்மேல் ஒரு மரியாதைகூட இருந்தது.

கடைசியில் அக்கா புருஷன்தான் என்னையும் அம்மாவையும் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன ஆஸ்பத்திரி. எந்த வியாதி என்று போனாலும் முதலில் ஒரு ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார் என்று பேர் எடுத்தவர். எனக்கு அவர் ஊசி போடவில்லை, அப்போதே எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். கிணற்றைப் பற்றி அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் டிரங்க் கால் போட்டு வடக்கே ஒரு ஊரில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரியில் பேசினார். திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது. ஆறு வாரம் அங்கேயே தங்க வேண்டும். வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்க வேண்டும், அது அங்கே சட்டம். பிளேடு, பெல்ட், கண்ணாடிச் சாமான், நாடா போட்ட துணி எதுவும் கொண்டுபோகக் கூடாது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னார். கிணற்றைப் பற்றி எடுக்காமல், "தள்ளிப் போடாதீங்கம்மா, ஆபத்து" என்று மட்டும் முடித்தார். அம்மா, "திங்கக் கெழமன்னா ஏழரைக்கு ராகு காலமாச்சேங்க" என்றாள்.

இனித்தான் வினையே. அப்போது எங்கள் ஊரெல்லாம் தென்னார்க்காடு ஜில்லா. எங்கள் ஜனம் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை. ரோட்டோரத்து மரங்கள் குறுக்கே படுத்துக்கொள்ளும், பஸ் நிற்கும், போலீஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், உள்ளே போனவர்கள் மாலை மரியாதையோடு திரும்பி வருவார்கள். அந்தத் திங்கட்கிழமை பெரிய மறியல் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. வீட்டுக்கு ஒருத்தராவது ஜெயிலுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இதுவரை ஒரு ஆளும் போனதில்லை.

அம்மா என் டிரங்குப் பெட்டியை வெயிலில் காய வைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, பொட்டியெல்லாம் வெளிய வந்திருக்குது? தம்பி எங்கியாவது போவுதா?"

பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? அதற்கப்புறம் எனக்குப் பெண் கிடைக்காது, அக்கா மாமியாருக்கு வாய்க்கு அவல் கிடைக்கும். அவள் யோசித்த நேரம் ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இருக்காது.

"ஜெயிலுக்குத்தான். வேற எங்க? திங்கக் கெழம மறியல்ல என் புள்ளையும் போறான்."

"அடேங்கப்பா! எத்தினி நாளைக்கி?"

"ஆறு வாரம்."

"இன்னும் புடிக்கவே இல்லியே. அதுக்குள்ள எப்படிக்கா ஆறு வாரம்னு தெரியும்?"

"படிச்சவங்களுக்கு ஆறு வாரமாம். மத்தவங்களுக்குத்தான் பதினஞ்சு நாளு."

இதை எதிர்வீட்டுக்காரி நம்பினாள். ஊரும் நம்பியது. வாத்தியார் வேலை போனாலும் பரவாயில்லை என்று ஜனத்துக்காக உள்ளே போகிறான் என்று அதற்குக் கையும் காலும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். நாலைந்து மாசமாக நான் தாடியோடு உட்கார்ந்திருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. தம்பி போராட்டத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து திடுக்கென்று வெளியே வந்தாள். "டேய், கூட ஒருத்தர் தங்கணும்னு சொன்னாரே அந்த டாக்டரு. நான் எங்க போனேன்னு சொல்றது?" ஜெயிலுக்கு அம்மாவைத் துணைக்கு அனுப்புகிற வழக்கம் இந்தத் தேசத்தில் இல்லை. அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லலாம் என்றேன். மகன் ஜெயிலில் கிடக்க இவள் மகள் வீட்டில் ஆறு வாரம் விருந்து சாப்பிட்டால் ஊர் காறித் துப்பாதா என்றாள். மறுநாள் பால் ஊற்றப் போன இடத்தில், கேட்காதவர்களிடமும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தாள்: "நானும்தான் போறேன் ஜெயிலுக்கு. பெத்த புள்ளய தனியா உட்டுட்டு வூட்ல குந்திகினு இருக்கச் சொல்றியா?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கூட்டம் அடங்கவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து ஜெயிலுக்குப் போவது எங்கள் வட்டாரத்தில் அதுவரை நடக்காத சங்கதி. என்னைப் பார்த்தால் தெருவில் ஒதுங்கி நடந்தவர்கள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜாதக அத்தை வந்து, இப்போது பெண்வீட்டுக்காரர்களே கேட்கிறார்கள் என்றாள். அம்மாவைப் பெண்கள் பக்கத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எதற்காகப் போராட்டம் என்று அன்று காலை வரை அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சாயங்காலம் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நம்ம பிள்ளைகளுக்குக் காலேஜில் ஏன் இடமில்லை என்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நன்றாகவே பேசினாள். அப்பா செத்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை, அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பெட்டி கட்டித்தர உரக்கடைக்காரர் வந்தார். உரமும் பூச்சி மருந்தும் விற்கிறவர், எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். எனக்குச் சித்தப்பா முறை. முன்னால் ஒரு மறியலில் உள்ளே போய்விட்டு வந்தவர், அந்தப் பதினைந்து நாளை வைத்துக்கொண்டு அதன்பிறகு வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் பெட்டியை ஆராய்ந்தார்.

"பிளேடு இன்னாத்துக்கு? வாசல்லயே புடுங்கிப்பான். பெல்ட்டு, எடு. கண்ணாடி, எடு. இந்தப் பைஜாமால நாடா கீதே, இது ஆவாது. லுங்கி போதும்."

நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் சொன்னதை இவர் வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"சோறு வாய்ல வெக்க முடியாது. ஊறுகா ஜாஸ்தியா எடுத்துக்க. பீடி பிடிக்கறியோ இல்லியோ, நாலு கட்டு வெச்சிக்க, உள்ள அதான் காசு. மொத மூணு நாளு அழுவ வரும் தம்பி. வெக்கப்படாத, அழுதுடு. பக்கத்துப் பாய்க்காரன் எதுக்கு வந்தான்னு நீயா கேக்காத. அவனா சொன்னா காது குடுத்துக் கேளு."

பீடி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது எடுபடவில்லை. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அப்படியே பொருந்தியது. அங்கே போன பிறகு பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லவில்லை.

எழுந்து போகும்போதுதான் வாசலில் நின்று குண்டைப் போட்டார். "திங்கக் கெழம நீயும் அண்ணியும்தான் மொத வரிசை. மாலை சொல்லிட்டேன். போட்டோக்காரன் வர்றான். திருக்கோவிலூர் ரோட்ல புளியமரத்த சாய்ச்சிட்டு அங்கதான் குந்தறோம். வண்டி வந்ததும் நீங்க ரெண்டு பேரும்தான் மொதல்ல ஏறணும்."

அம்மா சிரித்த முகமாகத் தலையாட்டி அவரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதும் அதே திங்கட்கிழமை, அதே ரோடு. அக்கா புருஷன் திருக்கோவிலூரிலிருந்து வாடகைக் காரை அனுப்புவதாக ஏற்பாடு. முதல் நாளே கிளம்பி ஓடிவிடலாம் என்றால் சனிக்கிழமையே பஸ் நின்றுவிட்டது, காரை முன்னாலேயே வரச் சொல்லித் தகவல் அனுப்பவும் வழியில்லை. கார் அந்தப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும்தான் வர முடியும். நாங்கள் போய் ஏறுவதற்கு நடுவில் மொத்த ஊரும் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயிலில் யாரும் என் மனசைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். வரிசையில் நில் என்றால் நிற்கலாம், படு என்றால் படுக்கலாம். அதற்கப்புறம் கிணற்றடியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை, என் நோயே அதுதான். "பேசாம ஜெயிலுக்கே போயிடலாம்மா. ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். சீக்காளியை அடிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், திரும்பி அம்மிக்குழவியை நகர்த்தி ஓங்கி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை ராகு காலத்தைக் காரணம் காட்டி ஒன்பது மணி வரைக்கும் ஊரையே காக்க வைத்தாள். அப்படியாவது போலீஸ் முதலில் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அவள் கணக்கு. போலீசுக்கும் ராகு காலம் போலிருக்கிறது, அவர்களும் ஒன்பதுக்குத்தான் வந்தார்கள். வாசலில் மேளம். எங்கள் இருவர் கழுத்திலும் ரோஜா மாலை. என் பெட்டியை ஒருத்தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஆடிக்கொண்டு போனான். என் கல்யாணத்துக்குக்கூட பிற்பாடு அவ்வளவு தடபுடல் நடக்கவில்லை.

புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. இந்தப் பக்கம் போலீஸ் பஸ். மரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் வெள்ளை அம்பாசடர் கார். டிரைவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்து, "பெரியவங்க மொதல்ல ஏறுங்கம்மா" என்று மரியாதையாகச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. நான் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். படியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து என் சட்டைக் காலரை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். அம்மாதான். என்னை இழுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி நின்றாள். அண்ணி பேசப்போகிறார்கள் என்று எல்லோரும் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

"கை தட்டாதீங்க. நாங்க ஜெயிலுக்குப் போவல."

"இன்னா அண்ணி சொல்றீங்க?" என்றார் உரக்கடைச் சித்தப்பா.

"என் புள்ளைக்கு மனசு சரியில்ல. மனசு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். தோ அந்தக் காரு அதுக்குத்தான் நிக்குது. இன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள போலன்னா எடம் போயிடும். ஜெயிலுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நான்தான் சொன்னேன், இவன் சொல்லல."

மேளம் நின்றது. பின்வரிசையில் ஒருத்தன், "மெண்டலா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை. எல்லாம் யாருக்கோ நடப்பதாக நின்றுகொண்டிருந்தேன்.

"சிரிங்க" என்றாள் அம்மா. "இந்தப் போகம் என் பருத்திய பூரா புழு தின்னுச்சே, பாத்தீங்களா இல்லியா? கஞ்சப் பொம்பள, ஒரு டப்பா மருந்து வாங்கி அடிக்க மாட்டறான்னு டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே. மருந்து வாங்கினா வூட்லதான வெக்கணும்? வெச்சா இவன் குடிச்சிடுவான். அதான் வாங்கல. தின்னுட்டுப் போவட்டும்னு புழுவுக்கே உட்டுட்டேன்." சித்தப்பா பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்ககூட கேட்டீங்களே, நம்ம கடைய உட்டுட்டு இப்ப எந்தக் கடையில மருந்து வாங்கறீங்க அண்ணின்னு. எங்கயும் வாங்கலப்பா."

நாலைந்து மாசம் அவள் முன்னால் சோற்றைப் பிசைந்து, சிரித்து, அத்தனை பிரமாதமாக நடித்திருந்தேன். அவள் அத்தனையையும் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல், அந்த வருஷத்து வெள்ளாமையைத் தூக்கிப் புழுவுக்குக் கொடுத்திருக்கிறாள். பருத்தி போனதற்கு அவள் கவனக்குறைவுதான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கடையில் வாங்கிய டப்பாவை எந்தெந்த வீட்டில் எதற்குத் திறந்தார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வீடுகளுக்கு மாலையோடு முதலில் போய் நிற்கிறவரும் அவர்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு என் பெட்டியை அந்த ஆடுகிறவன் தலையிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறினார். சிரித்தவனைப் பார்த்து, "டேய், அண்ணி கையப் புடிச்சி எறக்கி உடு" என்றார். அவன் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். என்னை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கிளைகளுக்கு நடுவே தூக்கிக் கடத்தினார்கள்.

"ரெண்டு ஆளு குறையுதே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இருக்கறவங்கள ஏத்துங்க சார், வர்றேன்" என்றார் சித்தப்பா. பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டு என் கழுத்திலிருந்த மாலையை அவரே கழற்றினார். கார்க் கதவை அளவுக்கு மேல் ஓங்கிச் சாத்தினார்.

கார் கிளம்பியது. அம்மா மாலையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊர் முன்னால் கத்தியபோது வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது, சத்தமில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "பேசாம வா" என்றாள். பருத்தியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.

அப்புறம் என்னைப் பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி மாத்திரையும் அங்கே உட்கார வைத்துப் பேசவிட்டவர்களும்தான். ஊர் முன்னால் அம்மா பேசிய பேச்சில் என் நோய் பறந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். அன்று முழுவதும் எனக்கு உடம்பில் இரும்பைக் கட்டியதுபோலத்தான் இருந்தது. ஆனால் மணலூர்ப்பேட்டை தாண்டி ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது, டிரைவரிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் போய்விடலாம் சார் என்றார்.

"கொஞ்சம் வேகமாப் போங்க" என்றேன்.

அம்மா சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.